மேமலைக்கு வண்டி ஏறும் நேரம்

பெரகலையிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்குகிற பெரிய ரோட்டில், ஒரு தகரக் கடைக்குப் பக்கத்தால் மேலே ஏறுகிற தோட்டப் பாதை ஒன்று உண்டு. அதன் உச்சியில் தேயிலைத் தோட்டத்தின் மேமலை டிவிஷன். அதற்கும் அப்பால் காட்டுக்குள், கரும்பாறையிலிருந்து ஓர் அருவி விழுகிறது. லயத்து வரிசைக் காம்பராக்களில் இருக்கிற தோட்டச் சனங்கள் அதற்குப் பேர் வைக்க மெனக்கெடவில்லை. பெரிய தண்ணி என்பார்கள், அவ்வளவுதான். வெயில் காலத்தில் கம்பளி அலசப் போவார்கள், அம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலித்துத் தூக்கிவரப் போவார்கள். அதை வெறுமனே பார்ப்பதற்கென்றே கொழும்பிலிருந்தும் வெள்ளைக்காரன் தேசத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால், அவனை முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு போட்டிருப்பார்கள்.

வரவைத்தவன் புவனேந்திரன். மேமலை லயத்தில் பிறந்தவன். கொழுந்து லொறியில் கிளீனராக ஏறி இறங்கி, பிறகு பெரகலைச் சந்தியில் ஆட்டோ ஓட்டினான். கல்யாணம் கூடிவரவில்லை. அவனுடைய அக்கா ஜீவராணிக்குக் கூடிவந்தது, ஆனால் நிலைக்கவில்லை. புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். அக்காவும் தம்பியும் ஒரே காம்பராவில், தினம் ஒரு சண்டையும் தினம் ஒரு சமாதானமுமாகக் காலம் தள்ளினார்கள். அக்கா கொழுந்து பறிக்கிறவள். வாய் கொஞ்சம் அதிகம், கை அதைவிட அதிகம்.

மேமலையில் சீக்கு வருவதற்கும் ஒரு நேரம் இருந்தது. சிரிக்காதீர்கள். அந்தப் பாதையில் ஆட்டோ ஏறாது, வேன் ஏறாது. ஏறுகிற ஒரே வண்டி கொழுந்து லொறிதான். அது கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குத்தான் வரும். கொழுந்து நிறுக்கிற கொட்டகையான நிறுவை மடுவம் பாதையின் நடுவில் இருந்தது. அதன் முன்னால் விசாலமான ஒரு முற்றம். அந்த மலையிலேயே ஒரு வண்டி ஒதுங்கி இன்னொன்றுக்கு வழிவிடக்கூடிய இடம் அது ஒன்றுதான். பிள்ளை பிறக்கப்போகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, மடுவத்துக்கு வந்து லொறிக்குக் காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டி, ஆம்பிளைகள் தோள் மாற்றித் தோள் மாற்றி இறக்குவார்கள். பக்கத்துக் காம்பரா பெரியாயி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மடுவத்தில் படுத்தவள், லொறி வரும் திசையைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து அவளுக்கு விசிறியவன் புவனேந்திரன்.

அன்றைக்கு அவன் மண்டைக்குள் ஒன்று புகுந்துகொண்டது. மேமலையில் எந்நேரமும் ஒரு வண்டி நிற்க வேண்டும். நமக்காக எவன் வண்டி நிறுத்தப் போகிறான்? தோட்டமா, அரசாங்கமா? பெரிய தண்ணியைப் பார்க்க வருகிறவன் நிறுத்துவான். இந்தக் கணக்கில் சூதுவாது எதுவும் இல்லை. இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்த மபாஸ் என்பவரிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. அவரைத்தான் முதலில் பிடித்தான். அவர் மூலமாக ஹப்புத்தளை ஜீப்காரர்கள் சிலர் வந்தார்கள். எந்த வளைவில் ஹார்ன் அடிக்க வேண்டும், மழை பெய்தால் எந்த மலைக்கு மேல் ஏறக்கூடாது, லொறி வரும்போது யார் மடுவத்து முற்றத்தில் ஒதுங்க வேண்டும், எல்லாம் அவன் வகுத்தது. காலையில் பெண்கள் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் போய் நின்று அவர்களுக்கும் பாடம் எடுத்தான்.

"ஹார்ன் சத்தம் கேட்டா பள்ளத்துப் பக்கம் போகாதீங்க. மேல் கரையில ஏறி நின்னுருங்க. கூடை பாதையில நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது."

"ஐயா பெரிய தொரை சொல்லிட்டாரு, கேட்டுக்கங்கடி" என்று ஜீவராணி நக்கலடித்தாள். ஆனால் ஹார்ன் கேட்டதும் முதல் ஆளாகக் கரையில் ஏறியவளும் அவள்தான். தம்பி சொல் நாலு பேர் முன்னால் கீழே விழக்கூடாது அவளுக்கு.

வண்டி ஓடத் தொடங்குமுன் புவனேந்திரன் ஜீப்காரர்கள் எல்லாரையும் முதல் வளைவில் இருக்கிற முனியாண்டிக் கல்லுக்குக் கூட்டிப்போனான். சூடம் கொளுத்தினான்.

"மேமலை லயத்துல யாருக்கு ஒடம்பு முடியலன்னாலும், எவன் வண்டி முன்னுக்கு நிக்குதோ அவன் எறக்கணும். காசு பேசக் கூடாது. ஏறியிருக்குற ஆளு எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் எறக்கி விட்டுட்டு சீக்காளிய ஏத்திக்கிட்டுப் போகணும். அடிங்க சத்தியம்."

ஒவ்வொருவராகச் சூடத்தில் அடித்தார்கள். மபாஸ் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

"நான் சூடத்துல அடிக்க ஏலா, தம்பி. எங்க மார்க்கத்துல இல்ல. வார்த்த தாரேன், போதும்தானே?"

"போதும், மபாஸ் நானா" என்றான் இவன், அரைமனசாக.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காலம் நல்ல காலம். மேமலைக்கு வண்டி வந்தது, போனது, நின்றது. கீழ் லயத்துப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை மபாஸ், தன் ஜீப்பில் வந்த வெள்ளைக்காரத் தம்பதியைக் கல்லில் உட்காரவைத்துவிட்டு இறக்கினார். அவர்கள் கோபிக்கவில்லை, பிள்ளை பிறந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். லயத்தில் புவனேந்திரனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அவனும் கொஞ்சம் ஆடினான். ஆடட்டுமே.

நல்ல இடத்தில் காசு மணக்கும் என்பது கொழும்பில் இருக்கிறவர்களுக்குத் தெரியாதா? ஒரு சுற்றுலாக் கம்பனி வந்தது. தோட்டத் தொரையோடு பேசிப் பாதையைக் குத்தகைக்கு எடுத்தது. பெரிய தண்ணிக்கு இங்கிலீசில் ஒரு பேர் வைத்து, கீழே சங்கிலி போட்டு, அந்தப் பேரைப் பலகையில் எழுதி மாட்டியது. சொந்த ஜீப்புகள், சொந்த டிரைவர்கள். மபாஸ் முதலான பழைய ஆட்கள் ஒரே வாரத்தில் வெளியே. பாதை தெரிந்தவன் வேண்டுமே என்பதற்காகப் புவனேந்திரனை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ரூட் கோர்டினேட்டர். நீலச் சட்டை, கையில் வோக்கி டோக்கி.

பண்டாரவளையில் கம்பனி ஆபீசைப் பார்த்துக்கொண்டவள் தனுஜா. மரியாதையான பிள்ளை, எதற்கும் "அண்ணே" என்பாள். ஒருநாள் பாதையைப் பார்க்க வந்தாள்.

"கெஸ்ட்மார் எறங்கி டீ குடிக்க, வோஷ்ரூம் போக ஒரு இடம் வேணும் அண்ணே. மட்டமான நெலம் எங்க இருக்கு?"

மட்டமான நிலம் ஒன்றுதான் இருந்தது. புவனேந்திரன் காட்டினான். மடுவத்து முற்றத்தைக் காட்டினான். பாவி, அவன் வாயால் அவனே சொன்னான். நிறுவையைக் கீழே கொண்டுபோனால் லொறி மேலே ஏற வேண்டிய தேவையே இல்லை, பாதை ஜீப்புக்குச் சுத்தமாகக் கிடைக்கும் என்றும் சேர்த்துச் சொன்னான். தொரைக்கு லொறி எண்ணெய் மிச்சம். தலையாட்டினார்.

முற்றத்தில் சீமெந்து போட்டார்கள், கொட்டில் கட்டினார்கள், குடை நட்டு மேசை போட்டார்கள். இனி எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை. அதற்கும் புவனேந்திரன் வழி வைத்திருந்தான். வண்டிகளைச் செட்டுச் செட்டாக விடுவது. ஒரு செட்டு ஏறி முடியும்வரை மேலிருந்து ஒன்றும் இறங்கக்கூடாது. எவனும் நடுவழியில் பின்னுக்கு எடுக்கக்கூடாது. வழி சும்மா இருக்கிறதென்று புவனேந்திரன் வோக்கி டோக்கியில் சொல்ல வேண்டும்: "வழி கிளியர்." அதற்கப்புறம்தான் எதுவும் அசையும். தனுஜா அதையெல்லாம் அழகாக அச்சடித்து ஒவ்வொரு ஜீப்பிலும் ஒட்டினாள்.

அன்றைக்கு இராத்திரிச் சாப்பாட்டின்போது காம்பராவில் பெரிய சண்டை.

"லொறிய நிப்பாட்டிட்டியாமே?" என்றாள் ஜீவராணி.

"அது வர்றது எப்பவாச்சும் ஒரு நேரம். ஜீப்பு நாள் பூராவும் நிக்கும்க்கா."

"லொறிக்காரன் நம்மளோட பொறந்து வளந்தவன்டா. கை காட்டினா நிப்பான். இந்த ஜீப்புக்காரப் பயலுகளுக்கு என் பேரு தெரியுமா, உன் பேராவது தெரியுமா?"

"முனியாண்டி முன்னுக்குச் சத்தியம் வாங்கியிருக்கேன்ல."

"சத்தியம் பண்ணுனவன்தான் போயிட்டானே."

"ஆளு போனா என்ன? பாதைய வச்சித்தானே சத்தியம். அந்தப் பாதையில எவன் ஓட்டுறானோ அவன் கட்டுப்பட்டுத்தான் ஆகணும். முனியாண்டி சும்மா விடுவாரா?"

அவன் அதை மெய்யாகவே நம்பினான். முனியாண்டி காக்கிற பாதை. அதில் கொடுத்த வாக்கு பாதையோடு கிடக்கும், வருகிற வண்டியை எல்லாம் பிடிக்கும் என்று. மேமலையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். புது டிரைவர்கள் குருநாகலிலிருந்தும் எங்கேயிருந்தோவும் வந்த பையன்கள். அந்தக் கல்லை ஒரு வளைவு அடையாளமாகத்தான் அவர்களுக்குத் தெரியும். இவன் அந்த விஷயத்தைச் சொன்னபோது, "சரி அண்ணே, சரி அண்ணே" என்றார்கள். தனுஜாவிடம் ஒருமுறை, அதையும் அந்த ஒட்டுகிற தாளில் சேர்க்க முடியுமா என்று கேட்டான்.

"அதெல்லாம் எழுதிப் போட்டா கெஸ்ட்மார் பயந்துருவாங்க அண்ணே. நம்ம ஆளுங்கதானே, தேவைப்பட்டா செய்ய மாட்டாங்களா?"

இவன் அதற்கு மேல் நச்சரிக்கவில்லை. சட்டை புதுசு. அதைக் கழற்ற மனசு வரவில்லை என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வான், ஆனால் அதுவும் ஒரு காரணம்தான்.

ஏப்ரல் லீவு. நல்ல வெயில். காலையிலேயே முதல் செட்டு அருவிக்குப் போய் நின்றது. சங்கிலிக்குக் கீழே இரண்டாவது செட்டு நீளமாக நின்றுகொண்டிருந்தது. பழைய மடுவத்து முற்றத்தில் குடைக்குக் கீழே நின்ற புவனேந்திரன், பாதையை ஒருதரம் பார்த்துவிட்டு, "வழி கிளியர், ஏறலாம்" என்றான். சொல்லி முடித்து வோக்கி டோக்கியை இடுப்பில் மாட்டவில்லை, மேல் மலையிலிருந்து பெண்களின் அலறல் கேட்டது.

குளவி. பெரிய மரத்துக் கூடு கலைந்துவிட்டது. அருவிப் பக்கமிருந்து பறந்து வந்த ட்ரோன் ஒன்று மோதியது என்று பறித்துக்கொண்டிருந்த எல்லாரும் சொன்னார்கள். பருந்து கலைத்தது என்று கம்பனி பிறகு சொன்னது. பருந்து பாவம், அதற்கு வாயில்லை. பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஜீவராணியும் ஓடியிருக்கலாம். புதிதாகப் பேர் பதிந்த பிள்ளை ஒன்று தேயிலைக்குள் விழுந்துவிட்டது. இவள் திரும்பிப் போய், இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து அதன்மேல் போட்டு, தானும் மேலே கவிழ்ந்துகொண்டாள். படங்கு ஒருத்தியைத்தான் மூடியது.

பாதைக்குத் தூக்கிவந்தபோது முகம் அடையாளம் தெரியவில்லை. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. புவனேந்திரன் அருவியில் நின்ற ஜீப்பைக் கூப்பிட்டான்.

"ஒரு வண்டி உடனே எறக்கு. ஆஸ்பத்திரிக்கு."

"அண்ணே, கீழேருந்து செட்டு ஏறுது. நீங்கதானே இப்ப விட்டீங்க? எங்க அண்ணே ஒதுங்குறது?"

எங்கே ஒதுங்குவது. அவன் நின்ற இடத்திலேயே திரும்பி முற்றத்தைப் பார்த்தான். சீமெந்துத் தரை, மேசைகள், குடைகள், கொட்டில். அக்கா காலடியில் கிடந்தாள்.

காத்திருக்க முடியாது என்று லயத்து ஆம்பிளைகள் கம்பளியைக் கொண்டுவந்துவிட்டார்கள். கட்டினார்கள், தூக்கினார்கள், ஓடினார்கள். புவனேந்திரன் ஓடிக்கொண்டே, ஜீப்பை விற்றுவிட்டுப் பெரகலைச் சந்தியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த மபாசுக்குப் போன் பண்ணி, சங்கிலிக்கு வேனைக் கொண்டுவரச் சொன்னான். "இந்தா வாரேன்" என்று வைத்துவிட்டார் அவர்.

முற்றத்துக்குக் கீழே, ஒரு பக்கம் கரையும் மறுபக்கம் பள்ளமுமான இடத்தில் செட்டு எதிரே வந்தது. ஹார்ன் சத்தம். கம்பளிக்குள்ளிருந்து ஜீவராணி கையை அசைத்தாள். வீங்கிய உதட்டால் என்னவோ சொன்னாள். இவன் குனிந்து காதைக் கொடுத்தான்.

"மேல ஏறி நில்லுங்கடா. வண்டி வருது."

தூக்கியவர்கள் அதற்குள் ஏறித்தான் நின்றிருந்தார்கள். ஜீப்புகள் ஒவ்வொன்றாக உரசிக்கொண்டு போயின. உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான். ஓர் அம்மா அழுதுகொண்டே தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். கடைசி ஜீப்பின் முன்னால் போய் நின்றான் புவனேந்திரன். அதற்குப் பின்னால் வண்டி எதுவும் இல்லை. பாதை கீழே வெறுமனே கிடந்தது.

"தம்பி, நீ பின்னுக்கே எறக்கு. நான் பாத்துச் சொல்றேன். அக்காவ ஏத்திக்கோ."

"கெஸ்ட் இருக்காங்க அண்ணே. ஆபீசுல கேட்டுட்டு..."

"கேக்காத, எறக்கு."

பையன் கேட்டான். தனுஜாவின் குரல் போனில் எல்லாருக்கும் கேட்டது. "ஐயோ, பாவம்" என்றாள். மெய்யாகத்தான் சொன்னாள். கெஸ்ட்மாரை நடுப்பாதையில் இறக்கினால், ஏதாவது ஒன்று ஆனால், கம்பனி தாங்காது என்றாள். மேலே போய்ச் சேர்ந்ததும் முதல் வண்டியாக அனுப்புவதாகச் சொன்னாள். புவனேந்திரன் கத்தினான். பின்னுக்கு எடுத்தால் நாலு வளைவுதான் என்று கெஞ்சினான்.

"பின்னுக்கு எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே அண்ணே போட்டது? ஏதாவது நடந்தா உங்களையும்தானே கேப்பாங்க?"

"இவன்கிட்ட என்ன பேச்சு, நட" என்று கம்பைத் தூக்கியவர்கள் நடந்துவிட்டார்கள். ஜீப் மேலே போனது.

சங்கிலியடியில் மபாசின் வேன் கதவைத் திறந்துகொண்டு நின்றது. அவர் பின்சீட்டை எல்லாம் கழற்றி ரோட்டோரத்தில் போட்டிருந்தார், படுக்கவைக்க. சூடத்தில் அடிக்காத மனிதர். ஜீவராணியை உள்ளே வைத்தார்கள். வேன் பறந்தது. பெரகலைச் சந்திக்கு வருமுன்னே அவள் கை புவனேந்திரனின் கைக்குள் கனமாகிப்போனது. மபாஸ் கண்ணாடியில் பார்த்தார், வேகத்தைக் குறைத்தார், ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

கம்பனி பெரிய மலர்வளையம் அனுப்பியது. தனுஜா வந்து அழுதாள். பெட்டியைப் புதைகுழி வரை கொண்டுபோக ஒரு ஜீப் தருகிறோம், காசு வேண்டாம் என்றாள். உயிரோடு கிடந்தவளுக்குக் கிடைக்காத வண்டி. புவனேந்திரன் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"வேணாம். தோள்ல கொண்டுபோவோம். ஒண்ணு மட்டும் செய்ங்க. பெட்டி போற நேரத்துல பாதையில செட்டு விடாதீங்க."

"காலைச் செட்டு மட்டும் முந்தியே புக் பண்ணினது அண்ணே. மரியாதையா, மெதுவாப் போகச் சொல்றேன்."

மேமலை மயானம் அருவிக்குப் போகிற பாதையில்தான் இருக்கிறது. தப்பு மேளம் முன்னால் போக, சனம் பாதையை அடைத்துக்கொண்டு நடந்தது. புவனேந்திரன் பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கியிருந்தான். நீலச் சட்டையை அன்று காலையிலேயே அடுப்பில் போட்டுவிட்டான். இன்றைக்கு எவன் வந்தாலும் நடுப்பாதையைவிட்டு அசையக்கூடாது என்று தூக்குகிறவர்களிடம் சொல்லிவைத்திருந்தான். அவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றிருந்தார்கள். ஜீப் வந்து நிற்கட்டும், ஹார்ன் அடித்து ஓயட்டும், அக்கா போன பிறகுதான் அது போகும் என்பது அவன் எண்ணம். அவளுக்குச் செய்ய இனி அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

பின்னாலிருந்து ஹார்ன் கேட்டது. சத்தமாகக்கூட இல்லை. மரியாதையாக, மெதுவாக ஒரு ஹார்ன்.

தப்புச் சத்தம் நின்றது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பெண்கள் மேல் கரைக்கு ஏறினார்கள். ஆம்பிளைகள் ஏறினார்கள். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, திரும்ப நிமிர்ந்தது. ஜீப்புகள் ஒவ்வொன்றாகப் போயின. உள்ளே இருந்தவர்கள் கைகூப்பினார்கள், சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். கடைசி வண்டியும் வளைவில் மறைந்தது.

"வழி கிளியர், எறங்கலாம்" என்று யாரோ சொன்னார்கள்.

சனம் பாதையில் இறங்கிற்று. தப்பு திரும்ப அடிக்கத் தொடங்கியது. முன்னால் போனவர்கள் புவனேந்திரனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்று அவனுக்கு முதலில் விளங்கவில்லை. கால் இன்னும் மேல் கரையில் இருந்தது. பெட்டி தோளில் இருந்தது. சொன்ன குரல் தன்னுடையதுதான் என்று பிறகுதான் தெரிந்தது.